ஏழாவது தலைமுறை: பாலசரஸ்வதியின் கதை



நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல என்னென்ன ஆட்டம் இருக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வெஸ்டர்ன் இருக்கும், குத்து இருக்கும், கரகமோ ஒயிலாட்டமோ ஒண்ணு இருக்கும். எது இல்லாவிட்டாலும் தொடக்கத்தில் கட்டாயம் ஒரு பரதநாட்டியம் இருக்கும். மைக் பிடிப்பவர் அதை ஆயிரமாயிரம் ஆண்டு பழமையான தெய்வீகக் கலை என்று அறிமுகம் செய்வார். நாமும் கை தட்டுவோம். குத்தவே முடியாத முத்திரை மாதிரி அந்த வரி நம்ம மனசில் பதிஞ்சு போச்சு.

இப்போ ஒரு சின்னக் கேள்வி. அந்த ஆட்டத்துக்கு இன்றைய பேர் பரவலாகி எத்தனை வருஷம் ஆச்சு? நூறு வருஷம்கூட ஆகலை! 1930-களுக்கு முன்னால் உங்க கொள்ளுத்தாத்தாவிடம் போய்ப் பரதநாட்டியம் என்று சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்காது. சதிர், சின்னமேளம், தாசியாட்டம் என்றால் உடனே புரிந்திருக்கும். கூடவே முகமும் சுளித்திருக்கலாம்.

ஆட்டம் பழசு, பேர் புதுசு. அப்படியென்றால் பேர் மாறுவதற்கு முன்னால் அதை யார் வைத்திருந்தார்கள்? பேர் மாறின பிறகு அவர்கள் எங்கே போனார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் பதிலாக ஒரே ஒரு வாழ்க்கையைக் காட்ட முடியும். அவர் பேர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி. கலை உலகம் செல்லமாகக் கூப்பிட்டது பாலா என்று. வாங்க, அவரோட கதைக்குள் போவோம்.

முதலில் ஒரு கல்வெட்டு

பாலாவைப் பார்க்கும் முன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம். முதலாம் ராஜராஜன் அந்தக் கோயிலைக் கட்டியபோது, பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களை அங்கே குடியமர்த்தினான். தளிச்சேரிப் பெண்டுகள் என்று அவர்களுக்குப் பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் தரும் ஒரு பங்கு. இதெல்லாம் கோயில் சுவரிலேயே, பெண்களின் பேரோடும் வீட்டு வரிசையோடும் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆடுவோரும் பாடுவோரும் கோயிலின் ஊழியர்களாக, மரியாதையோடு இருந்த காலம் அது.

அப்படியே எண்ணூறு வருஷம் தாண்டுங்க. தஞ்சையை மராட்டிய மன்னர்கள் ஆளுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அரண்மனையில் நான்கு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை படித்தவர்கள். தஞ்சை நால்வர் என்று நாம் சொல்வது இவர்களைத்தான். சிதறிக் கிடந்த ஆட்டங்களை ஒழுங்குபடுத்தி ஒரு கச்சேரி வரிசையாக்கினார்கள். முதலில் அலாரிப்பு, அடுத்து ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், கடைசியில் தில்லானா. இன்றைக்கும் எந்த அரங்கேற்றத்துக்குப் போனாலும் ஏறக்குறைய இந்த வரிசைதான். நம்ம பாஷையில் சொன்னா, இருநூறு வருஷமா பெரிய மாற்றம் தேவைப்படாத ஒரு சிஸ்டம் டிசைன்!

ஆனா டிசைன் இருந்தால் போதுமா? அதை ஓட்ட ஆள் வேணும். ஆட்டம் சொல்லித் தந்தவர்கள் நட்டுவனார்கள், பெரும்பாலும் ஆண்கள். ஆடியவர்கள் தேவதாசி மரபில் வந்த பெண்கள். புத்தகமும் நோட்டும் ரொம்பக் குறைவு. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து பெண்ணுக்கு என்று உடம்பும் குரலும்தான் கலையைத் தூக்கிக்கொண்டு வந்தன. ஒரு தலைமுறை நின்றால் எல்லாம் நின்று போகும்.

தனம்மாள் வீடு

அப்படித் தூக்கிக்கொண்டு வந்த குடும்பங்களில் ஒன்று பாலாவுடையது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரண்மனையில் பாப்பம்மாள் என்றொரு இசைக் கலைஞர் இருந்தார். ஆடவும் தெரிந்தவர். அந்த வழியில் காமாட்சி அம்மாள் ஆடினார். அவர் மகள் சுந்தரம்மாள் பாடினார். சுந்தரம்மாளின் மகள்தான் வீணை தனம்மாள். கர்நாடக இசை கேட்கிறவர்கள் யாராவது உங்க வீட்டில் இருந்தால் இந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க. நிமிர்ந்து உட்காருவாங்க.

தனம்மாள் சென்னை ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வீணை ஒலிக்கும். பெரிய பெரிய வித்வான்கள் வந்து சத்தம் போடாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள். பிற்காலத்தில் அவருக்குப் பார்வை போய்விட்டது. வீணை போகவில்லை. அவருடைய மகள் ஜெயம்மாள் நல்ல பாடகி. அந்த ஜெயம்மாளுக்கு 1918 மே 13 அன்று பிறந்த பெண்தான் பாலசரஸ்வதி. பாப்பம்மாளிலிருந்து எண்ணினால் ஏழாவது தலைமுறை.

இந்த வீட்டில் இசை என்பது கிளாஸ் கிடையாது, காற்று மாதிரி. பெரியம்மா சித்தி பிள்ளைகளான பிருந்தாவும் முக்தாவும் பின்னாளில் பெரிய பாடகிகளானார்கள். பாலாவின் தம்பி ரங்கநாதன் மிருதங்கம், இன்னொரு தம்பி விஸ்வநாதன் புல்லாங்குழல். க்ஷேத்ரய்யாவின் தெலுங்குப் பதங்களும் ஜாவளிகளும் இந்த வீட்டில் ஒரு சொத்து மாதிரி காப்பாற்றப்பட்டன.

ஆனால் ஒரு சிக்கல். அந்த வீட்டில் எல்லோரும் பாடினார்கள், வாசித்தார்கள். ஆட யாரையும் விடவில்லை. காரணம் வெளியே இருந்தது.

வெளியே அடித்த காற்று

1890-களிலேயே சென்னையில் சமூக சீர்திருத்தக்காரர்கள் சதிர்க் கச்சேரிகளை எதிர்த்து இயக்கம் தொடங்கியிருந்தார்கள். கல்யாணத்தில் சதிர் வைக்காதீர்கள், விருந்தில் ஆடவிடாதீர்கள் என்று பிரசாரம். அரசர்களும் ஜமீன்தார்களும் ஒவ்வொருவராக மங்கிப் போக, ஆடுகிறவர்களுக்கு ஆதரவும் மங்கியது. வறுமை வந்தது. வறுமையோடு சுரண்டலும் வந்தது.

இங்கே நாம் அவசரப்பட்டு யாரையும் வில்லனாக்கிடக் கூடாது. சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் அதே மரபில் பிறந்தவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்தச் சமூகத்துக்குள்ளிருந்து வந்து போராடியவர். உள்ளே நடந்த வேதனை அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் ஒரு வழக்கத்தை ஒழிக்கும்போது, அந்த வழக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த கலையை என்ன செய்வது? அதை ஆடிய பெண்கள் பிழைப்புக்கு எங்கே போவார்கள்? இதற்குச் சரியான பதில் யாரிடமும் தயாராக இல்லை. அந்த இடைவெளியில்தான் குட்டிப் பொண்ணு பாலா ஆடணும் என்று அடம் பிடித்தாள்.

அவளை அப்படிப் பிடித்து இழுத்தது மயிலாப்பூர் கௌரி அம்மாளின் ஆட்டம். கபாலீஸ்வரர் கோயிலோடு தொடர்புடைய நடனக் கலைஞர் அவர். அபிநயத்தில் அவருக்கு நிகர் அவர்தான். அவர் ஆடுவதைப் பார்த்த குழந்தைக்கு வேறு எதுவும் பிடிக்காமல் போயிற்று. ஊர் என்ன பேசும், உறவு என்ன சொல்லும் என்று தெரிந்தும் ஜெயம்மாள் மகளை ஆட விட்டார். அந்த அம்மாவின் துணிச்சலை நாம் தனியாகக் குறிச்சுக்கணும். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

நாலு வயசில் பயிற்சி ஆரம்பம். குரு கந்தப்பப் பிள்ளை, தஞ்சை நால்வரின் வழியில் வந்த நட்டுவனார். கண்டிப்புக்குப் பேர் போனவர். தாளத்தில் நூலிழை பிசகினாலும் முதலிலிருந்து ஆடணும். இன்றைக்கு வீடியோவைப் பாதியில் நிறுத்திப் பின்னால் ஓட்டிப் பார்த்து ஆட்டம் கத்துக்கிற நமக்கு அந்தப் பயிற்சியைக் கற்பனை செய்வதே கஷ்டம். 1925-ல் காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் கோயிலில் பாலாவின் அரங்கேற்றம் நடந்தது. வயசு ஏழு!

பேர் மாறிய பத்து வருஷம்

இனிமேல் கதை வேகமாகப் போகும். கொஞ்சம் கவனமாகப் படிங்க.

1927-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதிலிருந்து 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. இதில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் இ. கிருஷ்ண ஐயர். வக்கீல், சுதந்திரப் போராட்டக்காரர். சதிர் அழிந்துவிடக் கூடாது என்பதற்காகத் தானே பெண் வேஷம் கட்டி மேடையில் ஆடிக் காட்டியவர். 1931-ல் திருவாளப்புத்தூர் கல்யாணி அம்மாளின் மகள்கள் இருவரை அகாடமி மேடையில் ஆட வைத்தார். 1932-ல் சதிர் என்ற பேருக்குப் பதில் பரதநாட்டியம் என்று வழங்கலாம் என அகாடமி மாநாட்டில் முன்மொழிந்தார். பழைய பேரில் ஒட்டியிருந்த இழிவு, புதுப் பேரில் ஒட்டாது என்பது கணக்கு.

1933-ல் அதே அகாடமி மேடையில் பதினைந்து வயசு பாலசரஸ்வதி ஆடினார். அடுத்த வருஷம் கல்கத்தா. தென்னாட்டுக்கு வெளியே இந்த ஆட்டத்தை மேடையேற்றிய முதல் மரபுக் கலைஞர் என்று அவரைச் சொல்கிறார்கள். உதய சங்கர் மாதிரியான உலகம் சுற்றிய நடனக்காரர்கள் அவரைப் பார்த்து அசந்து போனார்கள். கல்கத்தாவில் அப்படி அவர் ஆட்டத்தைப் பார்த்த ஒரு சின்னப் பையன் பேரை இப்போதைக்குச் சொல்லாமல் விடுகிறேன். கடைசியில் வருவார்.

1935-ல் அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் ஆடினார். நல்ல குடும்பம் என்று ஊர் மதிக்கும் வீட்டுப் பெண் ஒருவர் இந்த ஆட்டத்தை ஆடியது அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர் அவர். 1936-ல் கலாக்ஷேத்ரா தொடங்கினார். மெல்ல மெல்ல எல்லா வீட்டுப் பெண் குழந்தைகளும் நாட்டியம் படிக்க வந்தார்கள். இன்றைக்கு நம்ம வகுப்பில் அஞ்சாறு பேருக்கு அடவு தெரியும் என்றால், அதன் வேர் அங்கேயும் இருக்கிறது. இதை மறைச்சுப் பேசுவது நியாயமில்லை.

ஆனால் தராசின் இன்னொரு தட்டையும் பாருங்க. 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பொட்டுக் கட்டுவது குற்றமானது. கோயில் வளாகத்தில் பெண்கள் ஆடும் வழக்கமும் தடை செய்யப்பட்டது. பாலா ஏழு வயசில் அரங்கேறியது ஒரு கோயிலில். இருபத்திரண்டு வருஷம் கழித்து, அப்படி ஆடுவதே சட்டத்துக்கு விரோதம்! புதுப் பேரோடு ஆட்டம் சபா மேடைக்கு ஏறிவிட்டது. அதைத் தூக்கி வந்த குடும்பங்களில் பல, பெண்களை ஆட விடவே பயந்து, பழசை வாய்விட்டுச் சொல்லவும் கூசி ஒதுங்கிக்கொண்டன. மாடியேறிய பிறகு ஏணியை எடுத்து ஓரமாகச் சாத்தி வைத்த மாதிரி ஆகிவிட்டது.

எதற்குச் சுத்தம்?

பாலா ஒதுங்கவில்லை. இதுதான் அவருடைய வாழ்க்கையின் மையம்.

அப்போது நாட்டிய உலகில் ஒரு பெரிய வாதம் நடந்தது. இந்தக் கலை அசுத்தப்பட்டுவிட்டது, இதைச் சுத்தம் செய்து மரியாதையான இடத்தில் வைக்கணும் என்று ஒரு தரப்பு. ருக்மிணி தேவி இந்தப் பக்கம். காதலைச் சொல்லும் சிருங்காரப் பாடல்களைக் குறைத்து, பக்தியை முன்னிறுத்தினார். உடை, மேடையமைப்பு, பின்னணி எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கும் அழகும் கொண்டுவந்தார்.

பாலா நேர் எதிர்ப்பக்கம். சிருங்காரம்தான் இந்தக் கலையின் உயிர் என்பது அவர் கட்சி. தலைவி தலைவனுக்காக ஏங்குவதும், உயிர் இறைவனுக்காக ஏங்குவதும் அவருக்கு இரண்டு விஷயம் இல்லை. பிறக்கும்போதே சுத்தமாக இருப்பதை யாரும் புதிதாகச் சுத்தம் செய்யத் தேவையில்லை என்று உறுதியாக நின்றார். அந்த வார்த்தையில் கலை மட்டும் அடங்கியிருக்கவில்லை என்பதைக் கவனிச்சீங்களா? சுத்தம் செய்யணும் என்று யாராவது சொன்னால், இதுவரை வைத்திருந்தவர்களின் கை அழுக்கு என்றும் அர்த்தமாகிறது. பாலா மறுத்தது அதைத்தான். அவர் பாட்டியின் கையை, அம்மாவின் கையை அழுக்கு என்று ஒப்புக்கொள்ள அவர் தயாராக இல்லை.

இதில் ஒரு சுவாரசியம் இருக்கு. பாலாவை ஆட்டத்துக்கு இழுத்த அதே மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம்தான் ருக்மிணி தேவியும் கற்றுக்கொண்டார். எதிரெதிர் முகாம் என்று நாம் சொல்லும் இருவருக்கும் ஒரே ஆசிரியை! ஒரு ஊற்றிலிருந்து இரண்டு வாய்க்கால். எந்த வாய்க்காலில் தண்ணி குடித்தாலும், ஊற்றின் பேர் தெரியாமல் குடிக்கக் கூடாதில்லையா?

இருட்டும் விடிவும்

எல்லாக் காலமும் கைதட்டலாகவே இருக்கவில்லை. குரு கந்தப்பப் பிள்ளை அல்மோராவில் உதய சங்கர் தொடங்கிய கலை மையத்தில் சொல்லித்தரப் போனார். 1941-ல் இறந்தும் போனார். பாலாவுக்கு அது பெரிய அடி. அவருக்கு உடம்பும் சரியில்லாமல் போயிற்று, எடை கூடியது. கச்சேரிகள் குறைந்தன. மேடைகளில் புதுப்புது முகங்கள் வந்துகொண்டிருந்தன. பழைய மரபுப் பெண்ணைக் கூப்பிட யோசித்தார்கள்.

சொந்த வாழ்க்கையையும் சொல்லிவிடலாம், அவரே மறைக்காத விஷயம் அது. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார்தான் அவருடைய வாழ்க்கைத் துணை. 1943-ல் மகள் லட்சுமி பிறந்தார். 1953-ல் செட்டியார் காலமானார்.

அவரைத் திரும்ப மேடைக்குக் கொண்டுவந்ததில் சம்ஸ்கிருத அறிஞர் டாக்டர் வி. ராகவனுக்குப் பெரிய பங்கு உண்டு. காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளை நட்டுவாங்கத்துக்கு வந்தார். பிறகு கந்தப்பப் பிள்ளையின் மகன் கணேசனே, அப்பா நின்ற இடத்தில் நின்று தாளம் போட்டார். மியூசிக் அகாடமியின் ஆதரவில் பாலா சொல்லித்தர ஒரு நாட்டியப் பள்ளி தொடங்கியது. 1955-ல் சங்கீத நாடக அகாடமி விருது, 1957-ல் பத்ம பூஷண். ஒதுங்கியே போய்விடுவார் என்று நினைத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

1961-ல் டோக்கியோ. 1962-ல் அமெரிக்கா. ஜேக்கப்ஸ் பில்லோ என்ற புகழ்பெற்ற நடன விழாவில் ஆடினார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆடினார், பின்னாளில் அமெரிக்காவில் பல இடங்களில் சொல்லியும் கொடுத்தார். தம்பிகள் விஸ்வநாதனும் ரங்கநாதனும் அங்கே பல வருஷம் ஆசிரியர்களாகவே இருந்தார்கள். 1963-ல் எடின்பரோ விழா. யோசிச்சுப் பாருங்க, உள்ளூரில் பொண்ணுங்களை அனுப்பத் தயங்கிய ஒரு பாரம்பரியத்தைக் கற்க, கடல் தாண்டி ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

அப்படி என்ன ஆடினார்?

நியாயமான கேள்வி. கண்ணைப் பறிக்கும் மேடை இல்லை. பெரிய குழு இல்லை. நல்ல ஒரு பட்டுப்புடவை, கொஞ்சம் நகை, பின்னால் பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், குழல். அவ்வளவுதான். நாற்பது, ஐம்பது வயசிலும் ஆடினார். இன்றைய போஸ்டர் கணக்குப்படி பார்த்தால் நாட்டியக்காரிக்கு உரிய உடல்வாகுகூட இல்லை. ஆனால் ஆட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள்.

முதல் காரணம் இசை. அவரே அருமையாகப் பாடுவார். ஆடிக்கொண்டே பாடுவார். மற்றவர்களுக்கு இசை பின்னால் ஓடும், இவருக்கு அது உடம்புக்குள் ஓடியது. தனம்மாள் பேத்தி இல்லையா!

இரண்டாவது காரணம் மனோதர்மம். பதத்தில் ஒரு வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாடுவார். ஒவ்வொரு முறையும் ஆடுகிறவர் அதே வரிக்கு வேறு வேறு பொருள் காட்டணும். கண்ணனை வா என்று கூப்பிடும் ஒரே வரி. ஒரு தடவை கொஞ்சல், ஒரு தடவை கோபம், ஒரு தடவை மண் தின்ற குழந்தையின் வாய்க்குள் உலகத்தைப் பார்த்துத் திகைத்த தாய். முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்து ஆடுவது இல்லை, அந்தந்த நிமிஷத்தில் பிறப்பது. இதற்காகவே கௌரி அம்மாளிடமும், சின்னய்யா நாயுடுவிடமும், கூச்சிப்பூடி அறிஞர் வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரியிடமும் தனியாகப் படித்தார். கந்தப்பப் பிள்ளை தந்த கணக்கு கெட்டியாக உள்ளே இருந்ததால்தான், மேலே இவ்வளவு சுதந்திரமாகப் பறக்க முடிந்தது. அஸ்திவாரம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு மாடி. சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கட்டடம் என்றதும் ஞாபகம் வருது. 1975-ல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தபோது, தஞ்சை நால்வரின் கச்சேரி வரிசையை ஒரு கோயிலோடு ஒப்பிட்டார் பாலா. அலாரிப்பு கோபுர வாசல். ஜதிஸ்வரமும் சப்தமும் ஒவ்வொரு மண்டபமாகக் கடந்து உள்ளே போவது. வர்ணம் மூலவர் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்வது. பதங்கள் வரும்போது வெளிச் சத்தமெல்லாம் அடங்கி, தெய்வத்தோடு தனியாக இருப்பது. தில்லானா, கடைசியில் எடுக்கும் கற்பூர ஆரத்தியின் ஆரவாரம். இந்த விளக்கத்தை இன்னொரு தரம் படிங்க. சட்டம் அவர் சமூகத்தின் ஆட்டத்தைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. அவரோ ஆட்டத்துக்குள்ளேயே ஒரு கோயில் இருக்கிறது என்று காட்டிவிட்டார். அதை யாராலும் பூட்ட முடியாது.

இசைக்காரர்களின் விருது, ஆடியவருக்கு

1973-ல் மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது. கர்நாடக இசைக் கலைஞர்களுக்கு அந்த மேடையின் மிக உயர்ந்த மரியாதை அது. அதை வாங்கிய ஒரே நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி. ஆட்டமும் இசையும் வேறு வேறு இல்லை என்று தனம்மாள் வீடு ஏழு தலைமுறையாகச் சொல்லி வந்ததற்குக் கிடைத்த கையெழுத்து அது என்றே சொல்லலாம். 1977-ல் பத்ம விபூஷண். 1984 பிப்ரவரி 9 அன்று சென்னையில் காலமானார். மகள் லட்சுமி தாயின் வழியிலேயே ஆடினார்.

சரி, கல்கத்தாவில் ஒரு சின்னப் பையன் என்று சொன்னேனே, அவர் சத்யஜித் ரே! பள்ளி வயசில் பார்த்த அந்த ஆட்டத்தை அவர் மறக்கவேயில்லை. 1976-ல் பாலா என்ற பேரிலேயே ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதில் பாலாவுக்கு ஐம்பத்தெட்டு வயசு. கடற்கரையில், காற்று முந்தானையை அடித்துக்கொண்டு போக, கண்ணனைக் கூப்பிட்டு ஆடுகிறார். அலைச் சத்தம், வெயில், மணல். மேடை விளக்கு எதுவும் இல்லாத வெளிச்சத்தில் அந்த முகத்தில் நடப்பதைப் பாருங்க. படம் முழுசும் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் கூட. ஒரு லேப் ரெக்கார்டு எழுதும் நேரத்தில் பார்த்து முடிச்சிடலாம்.

நமக்கு என்ன?

நாம் பொறியியல் மாணவர்கள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் யாரோ எழுதிய ஒரு வரைபடத்தை எடுத்துப் போட்டால்கூட, அது யாருடையது என்று கீழே பேர் போடணும் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். கலைக்கும் அந்த மரியாதை வேணும். பரதநாட்டியம் எல்லோருக்கும் பொதுவானது நல்ல விஷயம். யார் வேணும்னாலும் கத்துக்கலாம், ஆடலாம். அது திரும்ப ஒரு சிலர் வீட்டுக்குள் போகணும் என்று பாலாவும் ஆசைப்படவில்லை. அவர்தான் யார் வந்தாலும் சொல்லிக் கொடுத்தாரே! பொதுவானதாக ஆக்கும்போது, தூக்கி வந்தவர்களின் பேரை மட்டும் அழிச்சுட வேணாம்.

பழமை, தெய்வீகம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது ரொம்ப சுலபம். அந்தச் சொற்களுக்குப் பின்னால் ராஜராஜன் கல்லில் பேர் வெட்டிய 400 பெண்கள் இருக்கிறார்கள். அப்புறம் பாப்பம்மாள், காமாட்சி, சுந்தரம்மாள், தனம்மாள், ஜெயம்மாள். ஊர் முகம் சுளித்தபோதும் கலையைக் கீழே போடாதவர்கள். உங்க கூடப் படிக்கிற நாட்டியக்காரத் தோழியிடம் இன்றைக்கே ஒரு கேள்வி கேளுங்க: அவங்க குருவுக்கு யார் சொல்லித் தந்தது, அந்தக் குருவுக்கு யார்? அப்படியே பின்னால் போய்க்கொண்டே இருங்க. எந்த வழியில் போனாலும் நாலைந்து பேருக்குள் ஒரு நட்டுவனார் வீட்டுத் திண்ணையோ, ஆடத் தெரிந்த ஒரு பாட்டியின் கூடமோ வந்துவிடும்.